கேள்வி கேட்காத பெட்டி

கணவன் தவராசாவைப் பிடித்துக் கொண்டுபோய் நாற்பத்தொரு நாள் கழிந்த பிறகுதான் பூரணி அந்தக் கணினிக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்தாள். 2007 மாசி. உவர்மலை வீட்டில் மாமனும் மாமியும் அவளுமாக மூன்று பேர் மிஞ்சியிருந்தார்கள்.

தவராசா கூட்டுறவுக் கந்தோரில் எழுதுவினைஞன். காணாமல் போனவர்களின் வீட்டார் வந்து கேட்டால் ஆங்கிலத்தில் கடிதம் அடித்துக் கொடுப்பான். மார்கழியில் கணினிக்குள் புகுந்த வைரஸ் ஒன்று அந்தக் கடிதங்களைத் தானாகவே எடுத்து, முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அனுப்பிவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பிக்கும் போனது, நாலைந்து அரசாங்கக் கந்தோர்களுக்கும் போனது. அதற்கு ஒன்பதாம் நாள் காலை பாண் வாங்கப் போனவனை வெள்ளை வான் வண்டியில் இழுத்து ஏற்றியதாகக் கடைக்காரர் வந்து சொன்னார்.

கடிதத்தால்தானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால், “கணினிக்குக் காவலாய் ஒரு ஃபயர்வோல் போட்டுத் தாருமன்” என்று ஐப்பசியிலேயே அவன் கேட்டது பூரணிக்குத் தெரியும். பயிற்சி நிலையத்தில் கணினி படிப்பிக்கிறவள் அவள். “பிறகு பாப்பம்” என்று சொன்னதும் அவள்தான்.

“உந்தக் கணினியைக் கழட்டிக் கொண்டுபோய்க் கடலிலை போடு பிள்ளை” என்றார் மாமனார் இரத்தினசிங்கம்.

மாமி தங்கரத்தினம் விடவில்லை. “அவன் எங்கையாவது இருந்து ரெண்டு வரி போட்டானெண்டால்? இதிலைதானே வரும்?”

அடுத்த நாள் பூரணி வடகரை வீதியில் ஸுஹைரின் கடைக்குப் போனாள். கணினி திருத்துகிற ஸுஹைர் தவராசாவின் சிநேகிதன். அவளைக் கண்டதும் கதிரையை இழுத்துப் போட்டான். ஏதும் செய்தி உண்டா என்று அவன் கேட்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

“ஃபயர்வோல் ஒண்டு வேணும், ஸுஹைர். காசு குடுக்காத களவுக் கொப்பி வேண்டாம். போனமுறை அதாலைதான் வைரஸ் வந்தது. உள்ளுக்கு என்ன எழுதியிருக்கெண்டு திறந்து பார்க்கக்கூடியதாத் தாங்கோ. காவலுக்கு வைக்கிறது தானே வெளியிலை கதை கொண்டுபோகக் கூடாது.”

“அப்ப திறந்த மூலம்தான் அக்கா. ரெண்டு வகை இருக்கு. ஒண்டு கணினிக்குள்ள இருந்து ஒவ்வொண்டுக்கும் உங்களைக் கேட்கும். மற்றது தனிப் பெட்டி. பழைய கணினி ஒண்டில போட்டு டெலிபோன் வயருக்கு நடுவில வைக்கணும். அது ஒருத்தரையும் கேட்காது.”

கேட்பதுதான் நல்லது என்று பூரணிக்குப் பட்டது. தன்னைக் கேளாமல் இந்த வீட்டில் நடந்ததெல்லாம் போதும்.

அதைக் கொண்டுவந்து போட்டாள். கேள்விகள் ஆங்கிலத்தில் இருந்தன. பகலில் கடிதம் பார்க்க உட்காரப்போகிற மாமிக்கு அது ஏலாது. திறந்த மூலம் என்பதால் வசனங்களை மாற்ற முடிந்தது. மூன்று பின்னேரம் உட்கார்ந்து பூரணி ஒவ்வொன்றையும் தமிழில் எழுதினாள். ‘வெளியிலிருந்து ஒன்று உள்ளே வரப் பார்க்கிறது. விடவா, மறிக்கவா?’ விடுவதற்குப் பச்சை, மறிப்பதற்குச் சிவப்பு. மாமியைப் பக்கத்தில் இருத்திப் படிப்பித்தாள்.

“தெரியாதது வந்தால் என்ன செய்வியள், மாமி?”

“சிவப்பு.”

“கெட்டிக்காரி.”

தவராசா போன பிறகு அந்த வீட்டில் யாரோ சிரித்தது அன்றைக்குத்தான்.

ஐந்தாம் நாள் வேலையால் வந்து, ஃபயர்வோல் எழுதி வைத்த பதிவைத் திறந்தாள். அறுபத்திரண்டு கேள்விகள் வந்திருந்தன. அறுபத்திரண்டுக்கும் பச்சை. இரண்டு புதிய வைரஸ்கள் ஏற்கெனவே உள்ளே குடியிருந்தன. பூரணி குசினிப் பக்கம் திரும்பினாள்.

“என்ன மாமி இது? சிவப்பெண்டெல்லே சொன்னனான்?”

சமையலை விட்டுக் குசினி வாசலுக்கு வந்த தங்கரத்தினம் சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தபடியே நின்றாள்.

“வெளியிலையிருந்து ஒண்டு உள்ளை வரப் பாக்குதெண்டு கேக்குது. ஆரெண்டு சொல்லுதில்லை. அவனாயிருந்தால்? நான் என்ர கையாலை எப்பிடிப் பிள்ளை சிவப்பை அமத்துவன்?”

“அது கடிதத்தை மறிக்காது மாமி. அது வேறை, இது வேறை.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதே.”

முன் விறாந்தையில் இருந்த இரத்தினசிங்கம் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். பூரணி தான் எழுதிய அந்தக் கேள்வியைத் திரும்ப வாசித்தாள். எவ்வளவு கவனமாக, எவ்வளவு விளங்கும்படியாக எழுதியிருந்தாள்!

சனிக்கிழமை ஸுஹைர் ஒரு பழைய கணினியைத் துணியால் சுற்றி ஓட்டோவில் கொண்டுவந்தான். திரையில்லை, விசைப்பலகையில்லை. வீட்டுக் கணினியில் இருந்த வைரஸ்களைத் துடைத்தெடுத்தார்கள். கொண்டுவந்த பெட்டியை அலுமாரிக்குப் பின்னால் வைத்து டெலிபோன் வயரைக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து தட்டுகிற எதையும் அது திறக்காது. உள்ளேயிருந்து கணினி தானாக அஞ்சல் அனுப்பும் வழியையும் பூரணி அடைத்தாள். இனி இணையப் பக்கத்தைத் திறந்து, கையால் எழுதித்தான் கடிதம் போக வேண்டும்.

“அதென்ன பிள்ளை, இரையுது?” என்று தங்கரத்தினம் கேட்டாள்.

“கறண்ட் கூடிக் குறையிறதைச் சமாளிக்க மாமி. கணினி பழுதாகாமல் இருக்க.”

“அப்ப அந்தக் கேள்வி கேக்கிறது?”

“எடுத்துப்போட்டன்.”

“இனி ஒண்டையும் மறிக்காதே?”

“மறிக்காது.”

ஸுஹைர் தலையைக் குனிந்து திருப்புளியைப் பைக்குள் வைத்தான். வழியனுப்ப வாசல் படலை வரைக்கும் வந்த பூரணியிடம், “இவங்களுக்கு இதுதான் அக்கா சரி” என்று மட்டும் சொன்னான்.

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. அந்தக் கணினியில் பிறகு ஒரு வைரஸும் ஏறவில்லை, ஒரு கடிதமும் தானாக வெளியே போகவில்லை. ஞாயிறுகளில் கனடாத் தம்பியின் சேதி ஒழுங்காக வந்தது. மற்ற நாட்களில் தங்கரத்தினம் பத்து மணிக்குக் குளித்துவிட்டு வந்து, கணினியில் கடிதப் பெட்டியைத் திறந்து, பார்த்து, மூடுவாள். தவராசாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்த வருடம் முழுதும் வரவில்லை. அடுத்த வருடமும் இல்லை.

மறிக்கப்பட்டவை எல்லாவற்றையும் பெட்டி தனக்குள்ளே குறித்து வைத்துக்கொண்டது. ஒரு நாளைக்கு முந்நூறு, நானூறு கணினி இலக்கங்கள். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ இயந்திரங்கள் கண்மூடித்தனமாகத் தட்டுகிற தட்டுகள். அவற்றில் மனிதர் எவரும் இல்லை என்பது படிப்பிக்கிறவளுக்குத் தெரியாதா? என்றாலும் வேலையால் வந்து தேத்தண்ணி குடிப்பதற்கு முன்னால் கணினியில் அந்தப் பட்டியலைத் திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பூரணி பார்த்துக்கொண்டே வருவாள். மாமி குசினியில் இருக்கும் நேரமாகப் பார்த்து.