பார்க்காத செய்திக்கு விழுந்த நீலம்

23.07.2025, புதன்.
இன்றைய பிழை: தம்பிக்கு வந்த செய்தி ஒன்றை, அவன் பார்க்குமுன் கைதவறித் திறந்துவிட்டேன். சிறிய பிழைதான். இனிக் கவனமாக இருக்க வேண்டும்.

தேனுகா இதைத் தட்டி முடித்ததும் 'கைதவறி' என்ற சொல்லை அழித்தாள். பிறகு திரும்பவும் போட்டாள்.

பரந்தனில் பின்னேரக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தும் ஜனார்த்தனன் சேர், தமிழ்த் தட்டச்சுக் கைக்குப் பழக வேண்டுமென்று நாளாந்தம் அரைப் பக்கம் எழுதச் சொல்லியிருந்தார். மேலே திகதி, அடுத்தது அன்று விட்ட பிழை, கடைசியில் நாளைய வேலை. "நடுவிலை என்னத்தையும் எழுதுங்கோ பிள்ளையள். நான் திகதியையும் கடைசி வரியையும்தான் பாப்பன். உங்கட வீட்டுக் கதை எனக்கு என்னத்துக்கு?" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மற்றவர்கள் 'பிந்தி எழும்பினேன்', 'தேத்தண்ணிக்குச் சீனி கூடிவிட்டது' என்று எழுதிக் காலத்தை ஓட்டினார்கள். தேனுகாவால் அது முடியாது. உப்புப் போட்ட கறிக்கு உப்புப் போட்டேனா என்று மறுபடி ருசி பார்க்கிற பிறவி அவள். படலையைச் சாத்திவிட்டுப் பாதி வழி போய்த் திரும்பி வந்து பார்ப்பாள்.

அப்படிப்பட்டவள் தம்பியின் செய்திகளைப் பார்க்கிற வேலையில் கை வைத்ததற்குக் காரணம் அம்மா விமலேஸ்வரியின் பயம். இரண்டு ஊர் தள்ளி ஒரு பள்ளிக்கூடப் பொடியனைப் போதைத்தூளோடு பிடித்துவிட்டார்கள் என்ற கதை ஆனி மாதத்தில் தேனுகாவின் ஊரான முரசுமோட்டைக்கு வந்து சேர்ந்தது. அன்றையிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பதினாறு வயதுத் தம்பி சுகிர்தன் போனைப் பார்த்துச் சிரித்தாலும் பயம், சிரிக்காவிட்டாலும் பயம்.

"நீ கொம்பியூட்டர் படிக்கிறாய்தானே? அவன்ர போனுக்குள்ளை என்ன கிடக்கெண்டு பாக்கேலாதோ?"

"அது பிழையம்மா. அவன்ர சொந்தக் கதையள்."

"என்ர வயித்திலை பிறந்ததுக்கு எனக்குத் தெரியாத சொந்தக் கதையோ? கெட்டுப்போன பிறகு வந்து நீ மறிப்பியே?"

சுகிர்தன் கிணற்றடியில் பாட்டும் கூத்துமாகக் குளித்துக்கொண்டிருந்த ஒரு காலை, அலுமாரிக்கு மேலே சார்ஜில் கிடந்த அவனுடைய போனை அவள் எடுத்தாள். கனடா மாமா அனுப்பிய பழைய லப்டொப்பில் அவனுடைய வட்ஸ்அப்பை இணைத்தாள். போனுக்குப் பூட்டு இல்லை. இந்த வீட்டில் ஆருக்குப் பயந்து பூட்டுவது என்று அவன் நினைத்திருப்பான். அது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. வேலை சுகமாக முடிந்ததே என்றுதான் இருந்தது.

தனக்கென்று சில சட்டங்களும் வைத்துக்கொண்டாள். அவன் பார்த்து முடித்ததை மட்டுமே பார்ப்பது. கெட்ட சகவாசம் இருந்தால் மட்டுமே அம்மாவிடம் சொல்வது. வேறு பிள்ளைகளின் கதை கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே மறந்துவிடுவது.

கெட்ட சகவாசம் ஒன்றும் இருக்கவில்லை. கிரிக்கெட் இருந்தது. கணக்கு ரீச்சரைப் போலக் கதைத்து அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன. கிருசாந்தன் இருந்தான். சுகிர்தனோடு ஒரே வாங்கில் இருந்து படிக்கிறவன். அவனுடைய தகப்பன் போன வருடம் தை மாதம் எலிக்காய்ச்சலில் செத்துப்போனார். தாய் குவைத்தில் வீட்டு வேலை. பொடியன் பெரியம்மா வீட்டில் வளர்கிறான். பகலில் வகுப்பைச் சிரிக்க வைக்கிற அவன் இரவில் சுகிர்தனுக்கு எழுதுவது வேறு மாதிரி இருந்தது. அம்மா குரலனுப்பி ஒரு கிழமையாகிறது, அப்பா போட்ட சேட்டைப் பெரியம்மா ஆருக்கோ கொடுத்துவிட்டா, இப்படி. அதற்குச் சுகிர்தன் எழுதிய பதில்களை வாசித்து, இவ்வளவு பக்குவம் இவனுக்கு எங்கிருந்து வந்தது என்று தேனுகா வியந்தாள். இணைப்பை அறுத்திருக்க வேண்டிய இடம் அதுதான். அறுக்கவில்லை. பின்னேரத் தேத்தண்ணி போல அது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

புதன்கிழமை வகுப்பில் இருக்கும்போது லப்டொப்பில் கிருசாந்தனின் புதுச் செய்தி வந்தது. சுகிர்தன் அப்போது அப்பாவோடு சிறுபோக வயலுக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தான், போன் வீட்டில். 'டேய், நாளைக்கு அப்பாவின்ர' என்ற அளவு மட்டும் வெளியே தெரிந்தது. மிச்சத்தை அறிய வேண்டும் போல இருந்தது. அதை அமத்தித் திறந்தாள். கை தவறவே இல்லை.

'டேய், நாளைக்கு அப்பாவின்ர ஆடி அமாவாசை. திவசம் முடிஞ்சு வாற முதல் அமாவாசை. கூட்டிக்கொண்டு போறனெண்ட மாமா வரேல்லை. முல்லைத்தீவுக் கடலுக்கு நான் தனியத்தான் போகவேணும். எனக்குக் கடலெண்டால் என்ன பயமெண்டு உனக்கு மட்டும்தான் தெரியும். நீ கரையிலை நிண்டால் காணும், நான் இறங்கிடுவன். விடிய முதல் பஸ்சுக்குச் சந்தியிலை நிப்பன். ஏலாதெண்டால் இப்பவே சொல்லு, வேற ஆரையும் கேக்கிறன். ஒண்டும் சொல்லாட்டில் நீ வாறாய்.'

வாசித்து முடித்த பிறகுதான் செய்தது என்னவென்று உறைத்தது. அங்கே கிருசாந்தனின் போனில் இரண்டு சரிக்குறிகளும் நீலமாகியிருக்கும். நண்பன் பார்த்துவிட்டான் என்று அவன் எண்ணியிருப்பான். இங்கே சுகிர்தனின் போனிலோ புதுச் செய்தி வந்த அடையாளமே இராது. வகுப்புக் குழுவில் நூறு செய்தி வந்து விழுந்தால் இது அடியில் போய்விடும்.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தகப்பன் குத்துக்கல்லு மாதிரி இருக்கேக்கை, பிள்ளை அமாவாசைத் தீர்த்தத்துக்குப் போறதோ? நல்ல கதை! என்ர தாலியிலை கை வைக்கிற வேலை."

"அவன் இறங்கப் போறேல்லையம்மா. கரையிலை சும்மா நிக்கிறதுதான்."

"கரையும் வேண்டாம், கடலும் வேண்டாம். அவன் காணேல்லைத்தானே? காணாட்டில் விடு. கடவுளாப் பாத்துச் செய்ததெண்டு நினை."

சுகிர்தன் சேற்றுக் காலோடு வந்து, கால் கழுவி, சாப்பிட்டான். "என்னக்கா, கிளாசிலை பேச்சு வாங்கினனியோ? மூஞ்சை புளிச்ச தோசை மாதிரிக் கிடக்கு" என்றான். இவ்வளவு பக்கத்தில் இருந்தான். ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், 'உனக்கெப்பிடித் தெரியும்' என்று கேட்பானே. அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

மறுநாள் பொழுது சாய்கிற நேரம் வகுப்பு முடிந்து தேனுகா சைக்கிளில் வந்தபோது, படலையடியில் கிருசாந்தன் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். வேட்டியின் கீழ்ப்பாதியில் மணல். மேற்பாதி காய்ந்த வெள்ளையாக இருந்தது. சுகிர்தன் அவனுக்கு முன்னால் முழுசிக்கொண்டு நின்றான்.

"ஏன்ரா பள்ளிக்கூடம் வரேல்லை? இதென்ன கோலம்?"

"நடியாதை. ரண்டு பஸ் விட்டிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனான். மூண்டாவதிலைதான் ஏறினனான்."

"எங்கை ஏறினனி? என்னடா சொல்லுறாய்?"

"நீலம் விழுந்ததடா! நேற்றுப் பின்னேரமே பாத்திட்டாய். ஏலாதெண்டால் ஏலாதெண்டு சொல்லியிருக்கலாம். நான் பெரியம்மாவின்ர காலிலை விழுந்தாவது அவவைக் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

சுகிர்தன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். கண்டுபிடித்தான். வாசிக்க வாசிக்க அவன் முகம் வெளிறியது.

"சத்தியமா நான் இதைக் காணேல்லையடா. அம்மாவாணை."

"அப்ப ஆர் பாத்தது? பேயோ?"

அம்மா முற்றத்துக்கு வந்தாள். "தம்பி கிருசாந்தன், உள்ளுக்கு வா அப்பன். களைச்சுப்போய் நிக்கிறாய். ஒரு வாய் சாப்பிடு."

"வேண்டாம் அன்ரி. இன்னும் விரதம் முடிக்கேல்லை. பெரியம்மா அமாவாசைக்கெண்டு காத்தோட்டிக்காய் கறி வைச்சுக்கொண்டு பாத்திருப்பா." பிறகு சுகிர்தனைப் பார்க்காமல், படலையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஐயர் பிண்டத்தைத் தந்து கடலிலை கரைக்கச் சொன்னவர். முழங்காலுக்கு மேலை என்னாலை போகேலாமல் போச்சு. எல்லாரும் பாத்துக்கொண்டு நிண்டவை. ஈர மணலிலை வைச்சிட்டு வந்திட்டன். திரும்பிப் பாக்கக் காகம்."

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனான். ஏறி மிதிக்கக்கூட இல்லை.

அப்போதுதான் சுகிர்தன் தேனுகாவின் பக்கம் திரும்பினான். கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீ கொம்பியூட்டர் படிக்கிறனி. சொல்லு. பாக்காத மெசேச்சுக்கு நீலம் விழுமோ?"

அம்மா அவளைப் பார்த்தாள். தேனுகாவின் தோளில் லப்டொப் பை தொங்கியது. அது திடீரென்று நெல் மூட்டை போலக் கனத்தது.

"சில போனிலை... அப்பிடி நடக்கிறதுதான்" என்றாள்.

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நின்ற இடத்திலேயே எழுதத் தொடங்கினான். அவள் உள்ளே போய்க் கதிரையில் இருந்தாள். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே லப்டொப்பைத் திறந்தாள்.

'டேய், அக்காட்டைக் கேட்டனான். சில போனிலை பாக்காட்டிலும் நீலம் விழுமாம். நான் பாத்திருந்தால் உன்னைத் தனிய விட்டிருப்பனோ?'

கிருசாந்தனின் பதில் வரக் கொஞ்சம் சுணங்கியது. பிறகு வந்தது.

'கொக்கா சொன்னால் சரியாத்தான் இருக்கும். அவா பொய் சொல்லமாட்டா. மன்னிச்சுக்கொள்ளடா.'

முற்றத்தில் சுகிர்தன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அழுது முடித்த சிரிப்பு. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் உள்ளே இருக்க, கேட்டுக்கொண்டிருந்தவன் கடலைப் பார்த்துப் பயந்து திரும்பிய பொடியன். அவளுடைய பொய் அவர்கள் இருவரையும் சேர்த்து வைத்துவிட்டது. இனி ஒரு பொத்தானை அமத்தினால் இணைப்பு அறுந்துவிடும், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவராது. விரலைக் கொண்டுபோனாள். அதைவிடச் சுகமான வழி இல்லை என்பதே அவளைத் தடுத்தது. அவனுடைய போனுக்குள் வந்ததும் இப்படித்தான் சுகமாக வந்தாள்.

அம்மா வாசலில் வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தினாள். "அதைக் கழட்டி எறி. முடிஞ்சுது. அவனுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை."

"சொல்லப் போறனம்மா."

"விசரே உனக்கு? பிறகு எங்களை அவன் நம்புவானே?"

"இப்ப நம்புறான். அதுதான் என்னாலை தாங்கேலாமல் கிடக்கு."

"நான்தான் செய்விச்சனான் எண்டும் சொல்லுவியோ?"

"நான் செய்ததை நான் சொல்லுவன். உங்கட பங்கை நீங்கள் சொல்லுங்கோ. சொல்லாட்டிலும் பரவாயில்லை."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். அங்கே பாத்திரம் ஒன்றும் சத்தம் போடவில்லை.

இப்போதே எழும்பிப் போய்ச் சொல்லலாம். தேனுகா எழும்பவும் செய்தாள். முற்றத்தில் சுகிர்தன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அடுத்த வருசம் பார், கழுத்தளவு தண்ணிக்கு உன்னை நான் தள்ளிக்கொண்டு போறன்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் திரும்பி வந்து இருந்துவிட்டாள். இதுவும் ஒரு பயம்தான், பொறுமையில்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் கடைசி வரியை ஜனார்த்தனன் சேர் நாளைக்குப் பார்ப்பார். எழுதிய வேலையைச் செய்யாமல் அவள் ஒருநாளும் வகுப்புக்குப் போனதில்லை.

24.07.2025, வியாழன்.
இன்றைய பிழை: நேற்று 'கைதவறி' என்று எழுதியது பொய். இன்று தம்பி கேட்டதற்குச் சொன்னதும் பொய். இரண்டும் சிறிய பிழைகள் அல்ல.

நாளைய வேலை: தம்பி பள்ளிக்கூடம் போகுமுன் லப்டொப்பைத் திறந்து அவனிடம் காட்டுவது. அவனுடைய கையாலேயே இணைப்பை அறுக்க விடுவது. பின்னேரம், அவன் கூட வந்தாலும் வராவிட்டாலும், கிருசாந்தனின் வீட்டுக்குப் போய், அந்தச் செய்தியைப் பார்த்தது நான் என்று சொல்வது.