பின்வரிசையின் இடது மூலை

வரவேற்பு மேசையில் கொடுத்த மார்புப் பட்டைகளில் மூன்று நிறங்கள் இருந்தன. புதிதாக ஆட வந்தவர்களுக்குப் பச்சை, ஓரளவு பழகியவர்களுக்கு நீலம், தேர்ந்தவர்களுக்கு மஞ்சள். மூத்தவளுக்கு மஞ்சள் கொடுத்தார்கள். அதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை. பின்னாலேயே வந்த சின்னவளுக்கும் மஞ்சள் கொடுத்தார்கள். மூத்தவளின் முகம் அங்கேயே சுண்டிவிட்டது.

"மாத்திக் கொடுத்துட்டீங்க போல. இவ வந்து பதினாலு மாசந்தான் ஆகுது" என்றாள் மேசைக்காரப் பெண்ணிடம்.

"உங்க மாஸ்டர் எழுதி அனுப்பினதும்மா. ரெண்டு பேருக்கும் மஞ்சள்னுதான் போட்டிருக்கார்."

"விடுங்க அக்கா, ஒரே வீட்டுக்கு ஒரே கலரா இருக்கட்டும்" என்று சின்னவள் சிரித்துக்கொண்டே பட்டையை மாட்டிக்கொண்டாள். அவளுக்கு எல்லாமே சிரிப்புதான்.

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் மூத்தவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். மூத்தவள் ஒரு பெரிய மருத்துவமனையில் ஆவணப் பிரிவுக்குத் தலைமையாக இருந்து ஓய்வு பெற்றவள். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு கோப்பு இடம் மாறியதில்லை. சின்னவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். வருகிறவர் மூக்குக்குத் தகுந்த சட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் எடுத்துக் கொடுத்துவிடுவாள். நூலக மாடியில் செவ்வாய்க்கிழமைதோறும் நடக்கும் வரிசை நடன வகுப்பில் ஐந்து வருஷம் முன்பு முதல் ஆளாகச் சேர்ந்தவள் மூத்தவள்தான். வேலை, வீடு, வேலை என்று சின்னவள் வாடிப்போய்க் கிடந்தபோது, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான். அப்படிப் பிடித்த தன் கையைத்தான் இப்போது கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வரிசை நடனத்தில் ஜோடி கிடையாது. எல்லோரும் வரிசையாக ஒரே பக்கம் பார்த்து நின்று ஒரே அடியை வைப்பார்கள். முப்பத்திரண்டு எண்ணிக்கை முடிந்ததும் எல்லோரும் கால்வாசி திரும்பி, அடுத்த சுவரைப் பார்த்து மறுபடி முதலிலிருந்து ஆடுவார்கள். அப்படி ஆடும் ஒவ்வொரு சுற்றையும் ஒரு சுவர் என்று எண்ணுவார்கள். கூடம் பின்சுவரைப் பார்க்கும்போது கடைசி வரிசைதான் முதல் வரிசை. அதனால் நன்றாக ஆடுகிறவர்களை நான்கு மூலைகளிலும் நிறுத்துவது வழக்கம். எந்தப் பக்கம் திரும்பினாலும் மற்றவர்கள் பார்த்து ஆட ஒருவர் வேண்டுமல்லவா.

அந்த வார இறுதிக்கு ஐந்து ஊர்க் குழுக்கள் வந்திருந்தன. ஏரியைப் பார்த்த விடுதி. கீழ்த்தளத்தில் பளபளவென்று மரத்தரை போட்ட கூடம். முன்னால் மேடை, பின்னால் தேநீர் மேசை. சனிக்கிழமை முழுக்கப் பயிற்சிப் பட்டறை, ஞாயிறு காலையில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து ஆடும் நிறைவு ஆட்டம். ஆனால் மூத்தவள் வந்தது ஆடிவிட்டுப் போக மட்டுமல்ல. அவர்களுடைய மாஸ்டர் அடுத்த மாதம் மகள் ஊருக்கே குடிபோகிறார். செவ்வாய்க்கிழமை வகுப்பை இனி யார் நடத்துவது என்பதை, இந்த இரண்டு நாளும் பார்த்துவிட்டுத் தலைமைப் பயிற்சியாளர் அம்மாள் சொல்ல வேண்டும்.

"நான் சொன்னா ஒரே வீட்டுல ரெண்டு அடுப்பு ஆயிடும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்" என்று மாஸ்டர் நழுவிவிட்டார்.

தலைமைப் பயிற்சியாளர் நெட்டையான அம்மாள். காதோடு ஒட்டிய ஒலிவாங்கியில் ஓயாமல் எண்ணிக்கொண்டிருப்பார். சாப்பிடும்போதுகூட எட்டு எட்டாகத்தான் மெல்லுவார் என்று யாரோ சொல்லி, அந்தக் கூடத்தில் அவருக்கு 'எட்டு டீச்சர்' என்றே பெயராகிவிட்டது.

அன்று அவர் கற்றுக்கொடுத்தது புது ஆட்டம். மூத்தவள் கோடு போட்ட நோட்டில் ஒவ்வோர் அடியையும் எண் போட்டு எழுதி, முக்கியமானதை ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டாள். சின்னவள் ஒரு எழுத்தும் எழுதவில்லை. டீச்சரின் காலைப் பார்த்தாள். அவள் காலும் அதையே செய்தது. அவ்வளவுதான்.

"அந்த அம்மா இடுப்புல எலும்பே இல்ல போலிருக்கு" என்றாள் பக்கத்தில் நின்ற பேக்கரிக்காரி, சின்னவளைக் காட்டி. வேறு ஊர்க் குழு. எங்கே இடறுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கண் அவளுக்கு. "உங்க தங்கச்சியா?"

"ஓரகத்தி."

"ஓ" என்றாள் பேக்கரிக்காரி. அந்த ஒற்றை எழுத்தில் ஒரு கூடை அர்த்தம் இருந்தது.

அந்த ஆட்டத்தில் ஒரு இக்கு இருந்தது. நான்கு சுவரும் முடிந்து கூடம் மறுபடி மேடையைப் பார்க்கும்போது, பாட்டில் நான்கு எண்ணிக்கை உபரியாக வரும். அதற்கென்று தனியாக நான்கு அடி. டேக் என்பார்கள், துணி போதாமல் தையல்காரர் ஒட்டுப் போடுவதைப் போல. இடக்காலை முன்வைத்து அரை வட்டம் திரும்பி நிற்க வேண்டும். அதோடு கூடம் பின்சுவரைப் பார்த்துவிடும். இன்னும் இரண்டு சுவர் ஆடினால் மறுபடி மேடை, பாட்டும் முடியும்.

சாயங்காலம் டீச்சர் மூலைகளுக்கு ஆள் பிரித்தார். முன்வரிசை வலது மூலைக்குச் சின்னவள். பின்வரிசை இடது மூலைக்கு மூத்தவள்.

"பின்மூலைக்குத்தான் நிதானம் வேணும். உங்களை நம்பித்தான் போடறேன்" என்றார் மூத்தவளிடம்.

அவள் தலையசைத்தாள். நிதானமானவர்களைப் பின்னால் போடுவதும் துள்ளுகிறவர்களை முன்னால் போடுவதும் ஆபீசிலும் பார்த்ததுதான். ஆனால் உடனே ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தாள். டேக் முடிந்து அரை வட்டம் திரும்பியதும், அந்தக் கூடத்துக்கே முன்னால் நிற்கப் போவது அவள்தான். ஐந்தாவது சுவரை அவள்தான் தொடங்கி வைப்பாள். எண்பது பேரும் அவள் காலைப் பார்த்து ஆடுவார்கள். டீச்சரும் பார்ப்பார். அது போதும்.

ஒத்திகையில் இன்னொன்றையும் பார்த்துவைத்தாள். டேக் வரும்போதெல்லாம் டீச்சர் ஒலிவாங்கியில் "டேக்" என்று குரல் கொடுத்தார். சின்னவள் கால் அந்தக் குரலுக்குத்தான் நின்றது. அவளாக எண்ணவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் குரல் கிடையாது.

இதை அன்று சாப்பாட்டு மேசையில் சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில், கண்ணாடி முன் நின்று சின்னவளுக்குப் பின்னூசி குத்திவிட்டபோதும் சொல்லியிருக்கலாம். சின்னவளே கேட்டாள்.

"அக்கா, நான் சரியா ஆடறேனா? ஏதாவது தப்பிருந்தா சொல்லுங்க. உங்களைத் தவிர யார் சொல்லுவா?"

மூத்தவள் வாயில் பின்னூசி இருந்தது. அதை எடுத்துக் குத்தி முடித்துவிட்டு, "உனக்கென்ன, ஊரே புகழுது" என்றாள்.

பொய்யில்லை. உண்மையும் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் ஒரு கோப்பை மறைக்காதவள் அன்று ஒரு வாக்கியத்தை மறைத்தாள். உள்ளே சுருக்கென்றது, பொறுத்துக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. மேடையில் டீச்சர், பக்கத்தில் மாஸ்டர், இன்னும் மூன்று பயிற்சியாளர்கள். எண்பது பேரின் காலணிகளும் ஒன்றாக மரத்தரையைத் தட்டியபோது கூடமே ஒரு நெஞ்சு போல அடித்தது. முதல் சுவர், இரண்டாவது, மூன்றாவது. சின்னவள் ஆடினாள். அவள் ஆட்டத்தைக் குறை சொல்ல நாக்கு கூச வேண்டும். ஒவ்வோர் அடியும் பாட்டுக்குப் பிறந்தது போல விழுந்தது. தான் ஐந்து வருஷமாக எண்ணி எண்ணி எட்டிப் பிடிக்கப் பார்த்த ஏதோ ஒன்று அவள் முழங்காலில் சும்மா உட்கார்ந்திருப்பதை மூத்தவள் பார்த்துக்கொண்டே ஆடினாள்.

நான்காவது சுவர் முடிந்தது. கூடம் மேடையைப் பார்த்தது. மூத்தவள் இடக்காலை முன்வைத்தாள்.

சின்னவள் நிற்கவில்லை. சிரித்த முகத்தோடு, டேக்கை விட்டுவிட்டு, ஐந்தாவது சுவரைத் தொடங்கிவிட்டாள்.

மேடையைப் பார்த்து நிற்கும் கூடம் முன்வரிசையைத்தான் பார்க்கும். ஒருவர் பின் ஒருவராகத் தயங்கிய கால்கள் எல்லாம் அவளோடு போய்விட்டன. பின்வரிசையில் மட்டும் ஏழெட்டுப் பேர் மூத்தவளின் காலைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் பேக்கரிக்காரியும் ஒருத்தி. அவள் உதடு லேசாகக் கோணிற்று.

அரை வட்டம் திரும்பிவிட்டால் போதும். பின்வரிசை அவளோடு திரும்பும். கூடம் இரண்டாகக் கிழியும். ஒருவர்மேல் ஒருவர் மோதுவார்கள். யார் சரி, யார் தப்பு என்று மேடைக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். செவ்வாய்க்கிழமை வகுப்பு அவள் கையில். முன்னால் நிற்பவள் ஐந்து ஊர் முன்னிலையில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்பாள்.

அவள் யார்? வீட்டு வாசலில் மூத்தவளே ஆரத்தி எடுத்து உள்ளே அழைத்து வந்தவள். அவளைப் பேச மூத்தவளுக்கு உரிமை உண்டு. வேண்டுமானால் மாமியாருக்கு உண்டு. பேக்கரிக்காரிக்கு என்ன உரிமை?

மூத்தவள் வைத்த காலை இழுத்துக்கொண்டு, தப்பான சுவரை எல்லோரோடும் சேர்ந்து ஆடத் தொடங்கினாள். பின்வரிசையும் அவளோடு வந்தது.

ஆடிக்கொண்டே மனதுக்குள் எண்ணினாள். ஐந்தாவது சுவர் முடிந்தது. பக்கச் சுவரைப் பார்த்தார்கள். ஆறாவதும் முடிந்தது; கூடம் பின்சுவரைப் பார்த்தது. எதிரே தேநீர் மேசை, அடுக்கி வைத்த கோப்பைகள். மேடைக்கு எண்பது முதுகுகள். பாட்டிலோ இன்னும் நான்கு எண்ணிக்கை மிச்சம். என்ன செய்வதென்று தெரியாமல் கால்கள் தடுமாறின. ஆனால் இப்போது முன்வரிசை அவள்.

இடக்காலை முன்வைத்தாள். அரை வட்டம் திரும்பினாள். விட்டுப்போன அந்த நான்கு அடியும், அடிக்கோடிட்டபடியே, அங்கே வந்து உட்கார்ந்தன. கூடம் மொத்தமும் அவளோடு சுழன்று மேடையைப் பார்த்து நின்றது. பாட்டும் அந்தக் கணத்தில் நின்றது.

கைதட்டல் நிற்க நேரமாயிற்று. திரும்பியதில் மறுபடி முன்னால் வந்துவிட்டவள் சின்னவள். கைதட்டலெல்லாம் அவள் முகத்தில்தான் போய் விழுந்தது.

டீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேரே பின்மூலைக்கு வந்தார். சின்னவளும் மூச்சு வாங்க ஓடி வந்தாள். தேநீருக்குப் போகிற சாக்கில் பேக்கரிக்காரி பக்கத்திலேயே நின்றாள்.

"டேக் கடைசிக்குப் போயிடுச்சே" என்றார் டீச்சர். "முன்னால நின்னவங்க மறந்தாங்களா? இல்ல, நீங்க வேணும்னே மாத்தினீங்களா?"

சின்னவள் வாயைத் திறந்தாள். அவள் முகம் வெளிறியிருந்தது.

மூத்தவள் முந்திக்கொண்டாள். "மறக்கறதா? எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லீங்க. முடிவுல எல்லாரும் சேர்ந்து திரும்பி நின்னா எடுப்பா இருக்கும்னு ராத்திரியே சொன்னா. நான் அவ சொன்னதைச் செஞ்சேன்."

"இவங்க யோசனையா?"

"அவ யோசனைதான்."

டீச்சர் சின்னவளை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல துணிச்சல். எழுதினதை மட்டும் ஆடறவங்க நிறையப் பேர் இருக்காங்க. வகுப்பு நடத்த இது வேணும்." மாஸ்டர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ஆள் கிடைச்சாச்சு" என்றார்.

பேக்கரிக்காரி தேநீர் எடுக்கப் போனாள். அவளுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. மூத்தவளுக்கு அந்த நேரத்தில் இருந்த ஆறுதல் அது ஒன்றுதான்.

ஆள் விலகியதும் சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நான் மறந்துதான் போனேன். போய்ச் சொல்லிடறேன். வகுப்பு உங்களுதுதான்."

"வாயைத் திறந்தே, அப்புறம் நம்ம வீட்டுப் படி ஏறாதே."

"அப்ப ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"கேள்வி கேக்காதே. டேக் வர்றது காலுக்குத் தெரிஞ்சா போதாது, தலைக்கும் தெரியணும். எண்ணப் பழகு. உனக்கு அது வராதுன்னு எனக்கு நேத்தே தெரியும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சின்னவள் பிடித்த கையை விடவில்லை. ஆனால் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"நேத்தே தெரியுமா அக்கா?"

மூத்தவள் மார்புப் பட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

திரும்பும் பேருந்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் முன்னாலிருந்து எட்டி எட்டிச் சின்னவளை வாழ்த்தினார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் அளவாகச் சிரித்தாள். முன்பைப் போல இல்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பில் முன்வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டு, முன்னால் ஆடிக்காட்டும் சின்னவளின் பின்னலையே பார்த்து ஆட வேண்டியதை மூத்தவள் நினைத்தாள். ஆடத்தான் வேண்டும். வராமல் இருந்தால் ஊர் இரண்டாகப் பேசும்.

கைப்பேசி அடித்தது. வீட்டுக்காரர்.

"என்னாச்சு, வகுப்பு யாருக்குக் கிடைச்சுது?"

"நம்ம வீட்டுக்குத்தான்" என்றாள்.

"அதான் தெரியுமே, வேற யாருக்குப் போகும்? நம்ம வீட்டுல யாருக்கு?"

சின்னவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரியாக் கேக்கல. வீட்டுக்கு வந்து பேசறேன்" என்று சொல்லி மூத்தவள் இணைப்பைத் துண்டித்தாள்.