உடையாத போல்ட்

குன்வோர் செய்த தப்பு, எவருக்கும் கை தானாகப் போகிற தப்புதான். உடைந்த போல்ட்டின் இரண்டு துண்டையும் வாய்க்கு வாய் வைத்துத் திருகிப் பார்த்தாள். ஒரு தடவை அல்ல, மேலாளருக்கு ஒரு தடவை, போலீசுக்கு ஒரு தடவை, ரயிலில் சும்மா ஒரு தடவை.

பனிச்சறுக்கு மலையில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்டின் தொங்கு நாற்காலிகளைப் பராமரிப்பது அவள் வேலை. போன வாரம் ஒரு நாற்காலியின் இரண்டு போல்ட்டில் ஒன்று அறுந்து, அது ஒரு பக்கமாகத் தொங்கியது. உட்கார்ந்திருந்த அக்காவும் தம்பியும் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். அக்டோபரில், வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே அந்த இரண்டு போல்ட்டையும் முறுக்கியவள் குன்வோர். அதிகமாக முறுக்கிவிட்டாள் என்று மேலாளர் ஓட்வார் பழியை அவள் தலையில் கட்டி, வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதில் இந்தப் பேரோடு வேறு எந்த மலை அவளைச் சேர்க்கும்?

தன் மேல் தப்பில்லை என்று காட்ட அவள் துண்டுகளை எடுத்துக்கொண்டு ரயிலேறிப் போனாள். ட்ரொண்ட்ஹைம் நகர ஆய்வுக்கூடத்தில் உலோக முறிவு பார்க்கும் எஸ்கில், துண்டுகளை நுண்ணோக்கியில் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

“யாரு இத ஒண்ணோட ஒண்ணு தேச்சது?”

“நான்தான். பொருந்துதான்னு பாத்தேன்.”

“விரிசல் எப்படி வளந்துதுங்கறதெல்லாம் இந்த முறிஞ்ச முகத்துலதாங்க இருக்கும். மொத்தத்தையும் மழிச்சுட்டீங்க.”

தனக்கிருந்த ஒரே சாட்சியைத் தானே அழித்திருக்கிறாள். மதியம் பழுப்புச் சீஸ் ரொட்டியைப் பிரித்தவள் அப்படியே மூடி வைத்தாள். எஸ்கில்தான் பிறகு, இதற்கு ஜோடி போல்ட் என்னவாயிற்று என்று கேட்டான். தூக்கிப் போடச் சொன்னார்கள், மனசு வராமல் பையில் வைத்திருக்கிறேன் என்றாள். அது முழுசாக இருந்தது.

ஒலியலை விட்டுப் பார்த்ததில் அதற்குள்ளும் பாதி விரிசல். உடனே அதைத் திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்தான். அந்தக் குளிரில் எஃகு வளையாமல் படக்கென்று முறியும், பழைய விரிசல் யார் கையும் படாமல் அப்படியே திறக்கும் என்றான். ஒரே அடி. நல்லதை இவன் உடைக்கிறானே என்று அவளுக்குப் பதறியது.

புதிதாக முறிந்த பாதி பளபளத்தது. மறுபாதி மங்கலாக இருந்தது. அதன் குறுக்கே ஒன்றன் பின் ஒன்றாகத் துருப் பிடித்த வளைகோடுகள்.

“கோடைல லிஃப்ட் ஓடாதுல்ல?”

“ஓடாது. மழையில சும்மா தொங்கும்.”

“தொங்கறப்ப விரிசல் வளராது, உள்ள ஈரம் எறங்கித் துருப் பிடிக்கும். ஒரு கோடைக்கு ஒரு கோடு, எண்ணுங்க.”

மூன்று. குன்வோர் மறுபடி எண்ணினாள். இந்த மலையில் அவள் இன்னும் ஒரு கோடைகூடப் பார்க்கவில்லை.

“நீங்க தொடறதுக்கு முன்னாடியே இதுல விரிசல் இருந்திருக்கு, குன்வோர்.”

அவள் அழுதாள், வெட்கப்படவில்லை. அழுகை அடங்குமுன்னே வேறொன்று உறைத்தது. மற்ற ஐம்பத்தைந்து நாற்காலியிலும் அதே வயது போல்ட்டுகள். நாளை மறுநாள் ஈஸ்டர் விடுமுறைக் கூட்டம். ஓட்வாரைத் தொலைபேசியில் பிடித்தாள். தன் நியாயத்தைப் பேச வாய் வரவில்லை.

“லிஃப்ட இப்பவே நிறுத்துங்க. எல்லா போல்ட்டையும் கழட்டணும். மூணு வருஷத்துக்கு முந்தின விரிசல். ஆய்வுக்கூடத்துல இருந்துதான் பேசறேன், ஆதாரம் கையில இருக்கு.”

எதிர்முனையில் யாரையோ பார்த்து, லிஃப்டை நிறுத்து என்று ஓட்வார் சொல்வது கேட்டது. திரும்பி வந்த குரல் இறங்கியிருந்தது.

“நீங்க எத்தன மணிக்கு வருவீங்க?”