ஒரு மணி, இரண்டு நீதிமன்றங்கள்

ஹார்ட்மூட் பிரேமர் முப்பத்தொரு வருஷம் பள்ளியில் குடிமையியல் நடத்தியவர். ஜெர்மனியில் எந்தத் தகராறு எந்த நீதிமன்றத்துக்குப் போகும் என்று ஐந்து வண்ணச் சாக்கட்டிகளால் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். தொழிலாளர் வழக்குக்குப் பச்சை, வரி வழக்குக்கு மஞ்சள், நிர்வாகத்துக்கு நீலம். கீழே மாநில நீதிமன்றங்கள், உச்சியில் கூட்டாட்சி நீதிமன்றங்கள். வரைந்து முடித்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து தானே ரசிப்பார்.

ஓய்வு பெற்றதும் காசெல் நகருக்கு வெளியே ஒரு சிற்றூரில் வீடு வாங்கினார். முதல் நாள் காலை ஆறு மணிக்கே படுக்கையிலிருந்து துள்ளி எழுந்தார். ஜன்னலுக்கு நேர் எதிரே தேவாலயக் கோபுரம். அதிலிருந்த மணி கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் நேரம் சொல்லி அடித்தது. அது போதாதென்று காலையில் மூன்று நிமிஷம் ஜெப மணி வேறு.

"வீடு பாக்க வந்தப்ப கோபுரம் உன் கண்ணுல படலியா?" என்றாள் மனைவி இர்மா.

"பட்டுச்சு. அழகா இருக்கேன்னு போட்டோகூட எடுத்தேன்."

போதகர் லாம்பெர்ட்டிடம் போய் மணியை நிறுத்தச் சொன்னார். அவர் மறுத்தார். சரி, வழக்குதான். சட்டப்படி தேவாலயம் ஒரு பொது அமைப்பு. ஆகவே நிர்வாக நீதிமன்றம், நீலச் சாக்கட்டி. இதற்கு வக்கீல் எதற்கு? பதினான்கு பக்க மனுவைத் தானே எழுதிக் காசெலுக்கு எடுத்துப் போனார்.

மனுவைப் படித்த அலுவலகப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "பிரேமர் சார்தானே? நான் டோர்ட்டே. உங்ககிட்ட பத்தாவது படிச்சேன். சார், இதுல பாதிதான் எங்களுது. ஜெப மணி மத விஷயம், அது இங்க. நேரம் சொல்ல அடிக்கிறது வெறும் கடிகாரம். அதுக்கு சிவில் கோர்ட்டுக்குப் போகணும்."

"மணி ஒண்ணுதானேம்மா?"

"மணி ஒண்ணுதான், கோர்ட்டு ரெண்டு. ஒரே விவகாரம் ரெண்டு எடத்துக்குப் போகுமான்னு நான் கிளாஸ்ல கேட்டேன். போகாது, உக்காருன்னீங்க."

"மார்க்கையும் கொறச்சேனா?"

"கொறச்சீங்க சார். ஃபெயிலாகல, அவ்ளோதான்."

"முப்பத்தொரு வருஷமா எத்தனை பேரை இப்படி உக்கார வெச்சேனோ" என்றார். அவள் சிரித்தாள்; அவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

மனுவை இரண்டாகப் பிரித்தார். சிவில் நீதிமன்றத்தில் சமரசமானது: இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நேரம் அடிப்பதில்லை.

நிர்வாக நீதிமன்ற விசாரணை நாளன்று அவருடைய கார் கிளம்பவில்லை. இர்மா போதகருக்கே போன் போட்டுவிட்டாள்: "நீங்களும் அங்கதானே போறீங்க? இவரையும் ஏத்திக்கிட்டுப் போங்க." வாதியும் பிரதிவாதியும் ஒரே காரில் போனார்கள்.

"நான் தோத்தா அடுத்து எங்க போகணும்?" என்று வழியில் கேட்டார் போதகர்.

"மாநில மேல் நிர்வாக நீதிமன்றம். அதுக்கு மேல லைப்சிக்ல இருக்கிற கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம். ஆனா என்னை நம்பாதீங்க. விசாரிச்சுக்குங்க."

தோற்றது ஹார்ட்மூட்தான். மூன்று நிமிஷ ஜெப மணி வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அன்றைக்கே தீர்ப்பாகிவிட்டது. திரும்பும் வழியில் ஒரு பேக்கரியில் பிளம் கேக் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அப்பீல் போவீங்களா?"

"வேணாம். வழி தெரியும்னு நெனச்சுத்தான் இவ்ளோ தூரம் வந்தேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "அந்த மூணு நிமிஷத்தை ஒரு நிமிஷமாக் கொறைக்க முடியுமா?"

"தாராளமா. அன்னிக்கே கேட்டிருந்தா கொறச்சிருப்பேன். நீங்க மொத்தமா நிறுத்தச் சொன்னீங்களே."

ஹார்ட்மூட் மிச்சக் கேக்கைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு, இதை இர்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று போதகரைக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்குள் நுழைந்ததும் தானே சொல்லிவிட்டார்.