பாதியில் நின்ற கதை

பூதலூர் பக்கத்துக் கிளை நூலகத்தில், கோடையில் பெண்களுக்காக மாலை வாசிப்பு நடந்தது. நூலகர் ஷைலஜா தினம் ஓர் அத்தியாயம் உரக்கப் படிப்பார். சிங்கப்பூர் போய்த் தகவலே இல்லாமல் போன அண்ணனைத் தேடிக் கப்பலேறும் தங்கையின் கதை. வயல்வேலை செய்யும் பெண்கள் எட்டுப் பேர் பாயில் உட்கார்ந்து கேட்டார்கள்.

ஆற்றில் தண்ணீர் வந்தது, குறுவை நடவு தொடங்கியது.

"நடவு முடியட்டும்மா, வந்துடுறோம்" என்று அவர்களில் ஒருவரான நீலாம்பாள் சொல்லிவிட்டுத்தான் போனார். ஷைலஜாவுக்கு அது சாக்காகப் பட்டது. சில நாள் வெறும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தவர், 'இவங்களுக்கு எதுக்குக் கதை' என்ற எரிச்சலில், மாவட்ட நூலகத்திலிருந்து வாங்கியிருந்த புத்தகத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். கூடத்தையும் போட்டித் தேர்வு வகுப்புக்குக் கொடுத்துவிட்டார்.

நடவு முடிந்த மறுநாள் மாலை எட்டுப் பேரும் குளித்துத் தலைவாரி வாசலில் வந்து நின்றார்கள்.

"அண்ணனைக் கண்டுபிடிச்சாளாம்மா?" என்றார் நீலாம்பாள். "நடவுல எங்களுக்கு இதே பேச்சுதான். உயிரோட இருப்பான்னு நாலு பேரு, இல்லைன்னு நாலு பேரு. ஒரே சண்டை."

"புத்தகம் இப்ப இங்க இல்லீங்க."

"அது கெடக்கட்டும். நீங்க வாயால சொல்லுங்க."

அன்றன்றைய அத்தியாயத்துக்கு மேல் ஷைலஜா ஒரு பக்கமும் புரட்டியதில்லை.

"மிச்சத்தை நான் படிக்கலைங்க."

நீலாம்பாள் நம்பாமல் பார்த்தார்.

"அந்தப் பொண்ணை நடுக்கடல்ல விட்டுட்டு எப்படிம்மா தூங்குனீங்க?"