ஒரேயொரு திறப்பு

எனக்குக் கோபம் சட்டென்று வராது. வந்தால் இலேசில் போகாது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் சுரேகா மிஸ் நடத்தும் பாலர் பாடசாலையில் ஏழு வருடமாக நான் உதவி ஆசிரியை. அதன் வாசல் கேற்றில் தொங்கும் பூட்டைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஈஸ்டர் அன்று கோயில்களில் குண்டு வெடித்த வருடத்தில் போட்ட பூட்டு அது. அப்போது எல்லோருக்கும் பயம், போட்டதில் பிழை சொல்லமாட்டேன். ஆனால் திறப்பு ஒன்றே ஒன்று, அதுவும் மிஸ்ஸின் கைப்பையில். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகாவிட்டால் மிஸ்ஸுக்கு அந்த வாரம் விடியாது. வெளியே நின்று கேற்றைப் பூட்டித் திறப்பையும் கொண்டு போய்விடுவார். உள்ளே நானும் இருபத்திரண்டு பிள்ளைகளும். எனக்கும் ஒரு திறப்பு வெட்டித் தாருங்கள் என்று எத்தனை தரம் கேட்டிருப்பேன்! திறப்பு இரண்டானால் பாதுகாப்பு பாதியாகிவிடும் என்பார். பிள்ளைகளுக்காக மிஸ் மெழுகுதிரி கொளுத்தப் போகிறார் என்று பெற்றோருக்கும் பெருமை. நானும் அந்தோனியாரைக் கும்பிடுகிறவள்தான். பிள்ளைகளைப் பூட்டி வைத்துவிட்டு வா என்று அவர் ஒருவரையும் கூப்பிட்டதில்லை.

நேற்று மிஸ் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஒழுங்கைக்குள் டெங்குப் புகை அடிக்க வந்துவிட்டார்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப் போகச் சொல்லிச் சிங்களத்தில் கத்தினார்கள். பூட்டியிருக்கிறது என்று நானும் கத்தினேன். அந்த மெஷின் இரைச்சலில் யாருக்குக் கேட்கும்? புகை யன்னலால் குபுகுபுவென்று உள்ளே வந்தது. பிள்ளைகளைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். எல்லோரும் இருமி ஓய்ந்தார்கள், றஷ்மியைத் தவிர. நாலு வயது, வீசிங் உள்ள பிள்ளை. அவளுடைய மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தும் மூச்சு இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்தது. மிஸ்ஸின் போன் அடித்து அடித்து நின்றது. கோயிலுக்குள் சத்தத்தை நிறுத்தி வைத்திருப்பார், அவ்வளவு பக்தி.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கேற்றைப் பிடித்து உலுக்கினேன். மேலே முட்கம்பி, பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கவும் வழியில்லை. எதிரே த்ரீவீல் வைத்திருக்கும் முர்ஷித் ஓடிவந்து, சில்லுக் கழற்றும் கம்பியால் பூட்டை அடித்தார். நாசமாய்ப்போன பூட்டு, அசையவே இல்லை. அது உடைந்து விழுந்தபோது றஷ்மியின் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. பக்கத்து வீட்டு அன்ரி அவளை மடியில் வைத்துக்கொள்ள, முர்ஷித் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தார். அங்கே ஒக்சிஜன் வைத்து உயிரைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

பதினொன்றரைக்கு மிஸ் திரும்பி வந்தார். முதல் வார்த்தை, "பூட்டை ஆர் உடைச்சது?"

நடந்ததைச் சொன்னேன். அந்தோனியார்தான் காப்பாற்றினார் என்று நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு, மற்றப் பெற்றோர் கேட்டால் சின்ன இருமல் என்று மட்டும் சொல்லவேண்டும், வாயை அடக்க முடியாவிட்டால் நாளையிலிருந்து வரத் தேவையில்லை என்றார். என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் உலை கொதிக்கிறது. அது தெரிந்துதான் சொன்னார்.

இன்று காலை கேற்றில் புதுப் பூட்டு, பழையதைவிடப் பெரிசு. மகன் ஆமிரைக் கூட்டி வந்த ராசிக் அதைத் தட்டிப் பார்த்து, நல்ல சாமான் என்று மெச்சினார். பழையது துருப்பிடித்துவிட்டது என்றார் மிஸ். சுற்றி ஏழெட்டுப் பெற்றோர் நின்றார்கள். போனால் வேலைதானே.

"துருப்பிடிக்கேல்ல, உடைச்சது," என்றேன். "நேற்று றஷ்மி மூச்சில்லாமக் கிடக்கேக்க, இருபது நிமிசம் எங்களுக்கு வெளிய வர வழியில்ல. உங்கட பிள்ளையளும் உள்ளுக்குத்தான் நிண்டதுகள்."

ராசிக் ஆமிரைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"மிஸ், அந்த நேரம் தொறப்பு எங்க ஈந்த?"

மிஸ் கொஞ்சமும் தடுமாறவில்லை.

"என்ட கைப்பைக்குள்ளதான். பத்திரமா."