சூடு ஆறின பிறகு

"நல்லா பாத்துக்கோங்க. எல்லாரும் பாத்துக்கோங்க. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மாமா அந்தக் கோட்டின் தோள்பட்டைகளைப் பிடித்து விரித்து, கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கம் திருப்பினார். சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. முதுகின் நடுவில் இஸ்திரிப்பெட்டியின் வடிவம் பழுப்பாகக் கருகியிருந்தது. யாரோ உட்கார்ந்து வரைந்தது போல முனைகூடப் பிசகாமல் விழுந்திருந்தது.

"முப்பது வருஷம் இஸ்திரி போட்டவ. ஒரு கைக்குட்டையக்கூட கருக்குனது கிடையாது. மக கோட்ட மட்டும் கருக்கியிருக்கான்னா என்ன அர்த்தம்? வாயால சொல்லிப் பாத்தா, போகாதேன்னு. கேக்கல. பெட்டியால சொல்லிட்டுப் போய்ச் சேந்துட்டா."

மாமா ரிட்டையரான பஸ் கண்டக்டர். பின்சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் அவருக்குப் பேச வரும். ராங்கிக்கு இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டுதான் இவ்வளவும் பேசினார்.

ராங்கி என்பது அம்மா வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் வேறு பெயர் இருந்தது. எதற்கெடுத்தாலும் எதிர்வாய் கொடுக்கிற குழந்தையை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அம்மா கேட்பாள். யாரிடமிருந்து வந்தது என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

அவள் அம்மாவின்மேல் போர்த்தியிருந்த வெள்ளை விரிப்பின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். காலையில் துணிக்கடையிலிருந்து அதை வாங்கி வந்தபோது நாலாய் மடித்த கோடுகள் இருந்தன. அம்மா ஒருபக்கம் கிடக்க, இவள் மறுபக்கம் நின்று அதை இஸ்திரி போட்டாள். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். போட்டு முடித்து, புறங்கையை வைத்துப் பார்த்து, சூடு ஆறும்வரை காத்திருந்துதான் போர்த்தினாள். அம்மா யாருக்கும் துணியைச் சுடச்சுடக் கொடுத்ததில்லை. தெருமுனை தாண்டுவதற்குள் கசங்கிவிடும் என்பாள். எவ்வளவு அவசரக்காரனாக இருந்தாலும் நிற்கத்தான் வேண்டும்.

"ராங்கி, உன்னத்தான் கேக்குறேன். காதுல விழுதா?"

"வண்டி நாலு மணிக்கு வருது மாமா."

"எந்த வண்டி?"

"ஏர்போர்ட்டுக்கு."

மின்விசிறி மட்டும் கடகடத்தது.

"பெத்தவள வழியனுப்பிட்டு அதே நாள்ல ப்ளேன் ஏறப்போறா," என்றார் மாமா, யாரையும் பார்க்காமல். "எதுக்குன்னு கேளுங்க. அங்க முதியோர் இல்லத்துல யாரோ கெழவிங்களக் குளிப்பாட்ட. இங்க சொந்த அம்மா கெடக்குறா."

"திங்கக்கிழமை சேரலைன்னா வேற ஆளப் போட்டுருவாங்க. இன்னொரு தடவ கூப்பிட மாட்டாங்க."

"ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்னு சொல்லிப் பாரேன்."

"அவங்களுக்கு என் அம்மாவத் தெரியாதே மாமா."

"உனக்குத் தெரியுமா?"

அவள் விரிப்பின் ஓரத்தை மறுபடி இழுத்துவிட்டாள்.

இரண்டு மாதமாக வீட்டில் இதே சண்டைதான். அந்த ஊர் மொழியை ராங்கி போனில் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பழகுவாள். 'வலிக்கிறதா?', 'தண்ணீர் வேண்டுமா?', 'மெதுவாகத் திரும்புங்கள்.' இஸ்திரி மேஜையிலிருந்து அம்மா அதையே மூக்கால் திருப்பிச் சொல்லுவாள். கடைசியில் அம்மாவுக்குத்தான் உச்சரிப்பு நன்றாக வந்தது. அந்த ஊர்க் குளிருக்கென்று பழைய துணிக் கடையில் கோட்டை வாங்கி வந்த அன்று, யாருடைய முழங்கையோ மடங்கிய சுருக்கம் அதன் கைகளில் இருந்தது. "இதக் கொஞ்சம் தேச்சுக் குடும்மா," என்றாள் ராங்கி. "ஊரு துணியெல்லாம் தேப்பேன். அதத் தொட மாட்டேன்," என்றாள் அம்மா. தெருவே கேட்டது. கோட்டு அன்றிலிருந்து ஆணியில் தொங்கியது.

நேற்று மத்தியானம் டிக்கெட்டை அச்செடுக்கப் போய்த் திரும்பியபோது வாசலில் கூட்டம். கருகல் நாற்றம். பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கி, கோட்டை இழுத்து மூலையில் எறிந்திருந்தார். அம்மா மேஜைக்குக் கீழே கிடந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

மதியத்துக்குள் அம்மாவை எடுத்தார்கள். ராங்கி வண்டியில் கூடவே போனாள். திரும்பி வந்தபோது சித்தி மட்டும் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை, இரண்டு தெரு தள்ளி அவளுக்கும் இஸ்திரிக் கடைதான். வாடிக்கைக்காரர்களின் மூட்டைகளைக் கதவோரம் அடுக்கி வைத்துவிட்டுக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த மூட்டையெல்லாம் நான் முடிச்சுக் குடுத்துடுறேன். நீ ரெண்டு வாய் சாப்பிடு மொதல்ல."

"அப்புறம் சித்தி."

மேஜைக்கு அடியில் போன துடைப்பம் எதையோ இழுத்துக்கொண்டு வந்தது. சித்தி குனிந்து எடுத்தாள். அப்படியே நின்றாள்.

"ஏண்டி. இங்க வா."

மெல்லிய வெள்ளைத் துணி. நனைந்து காய்ந்து விறைத்திருந்தது. நடுவில் பெட்டியின் வடிவத்தில் ஓட்டை. ஓரமெல்லாம் கருப்பு.

கம்பளிமேல் பெட்டியை நேராக வைக்க மாட்டார்கள். மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து மேலே விரித்து, அதன்மேல்தான் தேய்ப்பார்கள். இல்லாவிட்டால் கம்பளி பாழாகிவிடும். தொழில் பழகிய முதல் வாரத்தில் கற்றுக்கொள்வது. கருக்க நினைக்கிறவளுக்கு ஈரத்துணி எதற்கு?

ராங்கி கோட்டை மேஜையில் விரித்து, துணியைத் தடத்தின்மேல் வைத்தாள். ஓட்டையும் தடமும் ஒன்றாகப் பொருந்தின.

கோட்டின் கைகளைத் தடவிப் பார்த்தாள். முழங்கைச் சுருக்கம் இரண்டிலும் இல்லை. முதுகுதான் பாக்கி இருந்திருக்கிறது.

"அக்கா கருக்கலடி," என்றாள் சித்தி. "தேச்சிருக்கா. தேச்சிக்கிட்டு இருக்கும்போதுதான்... இரு, அண்ணனக் கூப்பிடுறேன். என்னா பேச்சுப் பேசினாரு காலையில!"

"கூப்பிடாத சித்தி."

"ஏன்? இதக் காட்டினா வாயத் தொறப்பாரா?"

"காட்ட மாட்டேன். இது கெடைக்கலைன்னாலும் நாலு மணிக்குப் போகத்தான் போறேன். அவ நெசமாவே கருக்கியிருந்தாலும் போயிருப்பேன். துணியக் காட்டி அனுமதி வாங்கிட்டுப் போனேன்னு ஆகவேணாம்."

"அப்ப அக்கா பேரு என்னாகும்? கோட்டக் கருக்கிட்டான்னுதானே காலத்துக்கும் பேசுவாங்க?"

"பேசட்டும். தொட மாட்டேன்னு தெருவக் கூட்டிச் சொன்னா. ஆள் இல்லாத நேரமாப் பாத்துத் தேச்சிருக்கா. இது வெளிய தெரிஞ்சா அம்மாவோட மானம் போயிடும் சித்தி. கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கலன்னே இருக்கட்டும்."

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வெகுநேரம் முந்தானையை எடுக்கவில்லை.

ராங்கி துணியை நாலாய் மடித்துக் கோட்டின் உள்பையில் வைத்தாள்.

நாலு மணிக்கு டாக்சி சந்துக்குள் பின்பக்கமாக வந்தது. "வரட்டும், வரட்டும், ஒடிச்சு வரட்டும்... போதும்!" என்று வாசலில் நின்ற மாமா கையாட்டினார். வண்டி நின்ற பிறகுதான் கோபமாக இருப்பது ஞாபகம் வந்தது போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

ராங்கி கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. எதிர்வீட்டு மாடியில் பேச்சு நின்றது.

"அதையா போட்டுட்டுப் போற?"

"சூட்கேஸ்ல எடை ஏறிடும் மாமா."

"வேற வாங்கிக்கலாம் இல்ல? முதுகத் தெருவே பாக்குதுடி."

"பாக்கட்டும். இன்னும் நெறைய பேர் பாப்பாங்க."

"இந்த வாயிக்கு..." என்றார் மாமா. சூட்கேஸைத் தூக்கி, கனத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்து, டிக்கியில் வைத்தார்.

ராங்கி கதவைத் திறந்தாள். பின்னாலிருந்து சித்தி, "நில்லுடி," என்றாள்.

நின்றாள். சித்தி நெருங்கி வந்து, கருகிய தடத்தின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தாள். டிரைவர் கண்ணாடியில் பார்த்தான். மாமா பார்த்தார். சித்தி அவசரப்படவில்லை.

"ம்," என்று கையை எடுத்தாள்.

ராங்கி ஏறிக்கொண்டாள்.